யார் வீட்டுப் பக்கத்து சுவிட்ச்

1.
இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. பக்கத்து வீட்டுக் கல்பனா, சாலவாக்கத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் உத்திரமேரூர் போய் விலங்கியல் பாடம் எடுக்கிறவள், “எத எதையோ எழுதறியேக்கா, இத்த எழுதேன்” என்றாள். முழுகாமல் இருக்கிறாள். ரத்தத்தில் ஹார்மோன் ஏறவேண்டிய அளவு ஏறவில்லை, மறுபடி எடுத்துப் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருடம் ஒன்று கலைந்திருக்கிறது.

2.
முதல் தொடக்கம்: பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடத்தில் ஒரு பெண்...

(அடச்சீ. ரத்தப் பரிசோதனைக்கும் ஆற்றுக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: நஞ்சுக்கொடியின் செல்லுக்குள், ஹார்மோன் மரபணுவின் தலைமாட்டில் புரமோட்டர் என்றொரு சுவிட்ச் உண்டு. எங்கோ தள்ளிக் கிடக்கும் என்ஹான்சர் என்ற இன்னொரு துண்டு, டிஎன்ஏ வளைந்து கொடுக்க, அந்த சுவிட்சின் பக்கத்தில் வந்து சேர்ந்து ஹார்மோன் உண்டாகும் வேகத்தைக் கூட்டும்...*

(பாடப்புத்தகம். இருக்கட்டும், அடித்து அடித்து எழுதத் தெம்பில்லை.)

* அந்த செல்கள் கருவினுடையவை, தாயினுடையவை அல்ல. ஸ்கூட்டர் குலுங்கியதா என்று பார்த்து அந்த சுவிட்ச் வேலை செய்வதில்லை.

3.
இதைக் கல்பனா வீட்டில் படம் போட்டு விளக்கினாளாம். புருஷன் தினகரன் கவனமாகக் கேட்டுவிட்டு, “அந்த சுவிட்சு உங்க வூட்டுப் பக்கமா, எங்க வூட்டுப் பக்கமா?” என்றானாம்.

“ரெண்டு வூட்டுதும் கலந்துதான் கீது.”

மாமியார் கோவிந்தம்மாள் முடித்துவைத்தார். “எங்க வம்சத்துல இந்தக் கோளாறே கெடையாது. ஸ்கூட்டர்ல போவாதன்னு தலபாடா அடிச்சிக்கினேன், கேட்டாளா?”

(இவரைக் கொடுமைக்காரியாக எழுதுவது சுலபம். ஆனால் போன வருடம் ஆஸ்பத்திரி வாசலில் இவர் அழுததை நான் பார்த்தேன். அதனால் இந்தப் பாத்திரத்தை... தெரியவில்லை. அப்படியே விடுகிறேன்.)

4.
முடிவு அ: அளவு ஏறியிருக்கிறது. கோவிந்தம்மாள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டது பலித்துவிட்டது.

முடிவு ஆ: இறங்கியிருக்கிறது. ஸ்கூட்டர்தான் காரணம் என்கிறார்கள்.

இரண்டையும் கல்பனாவுக்குப் படித்துக் காட்டினேன்.

“ஏறுனா அம்மன் ஏத்துச்சி. எறங்குனா மட்டும் நான் எறக்கிட்டனாக்கா?”

மறுபடி பேனாவை எடுத்தேன். மூன்றாவதாக ஒரு முடிவு, அதில் கல்பனா எழுந்து நின்று எல்லோரையும்...

இல்லை. அவளுக்கு எழுந்து நிற்கவே அலுப்பாக இருக்கிறது. எனக்கும்தான்.

5.
ரிசல்ட் வாங்க தினகரன் உத்திரமேரூர் போயிருக்கிறான். கல்பனா என் வீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறாள். தெருமுனையில் பைக் சத்தம் கேட்கிறது. நான் பேனாவை வைத்துவிட்டேன்.

அவன் கொண்டுவரும் அளவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், ஏற்றமோ இறக்கமோ. இறங்கியிருந்தால், அடுத்த வரியை மட்டும் ‘ஏனென்றால்’ என்று தொடங்கிவிடாதீர்கள். அவளும் படிப்பாள்.