பட்டையில் கீறிய தேதி

அன்று காலை குர்னா மலையில் பாறையில் குடைந்த அந்தப் பழங்காலக் கல்லறைக்குள் இருந்தவர்கள்: தோண்டும் மேஸ்திரி பஸ்தாவி, அவன் தங்கையைக் கட்டிய ஷாஸ்லி, கூடை சுமக்கும் மூன்று பேர், தொல்லியல் துறை ஆய்வாளர் நஜ்வா மேடம். முற்றத்து இரும்புக் கதவில் காவலாள் உவைஸ், சாவியோடு.

அத்தனை பேரில் பஸ்தாவியின் கண் ஷாஸ்லி மேலேயே இருந்தது. அவன் உள்ளறையில், கூரை விரிசலுக்கு நேர் கீழே குப்புறப் படுத்து, ஒரு சவப்பெட்டியின் மரமுகத்தைத் தூரிகையால் துடைத்துக்கொண்டிருந்தான்.

விரிசலின் குறுக்கே விரல் அகலத்தில் ஜிப்சம் பட்டை ஒன்று பூசியிருந்தது. பாறை நகர்ந்தால் முதலில் அது உடையும். உடைந்தால் வேலை நிற்கும். ஆறு வாரம் உடையாமலிருந்தது நேற்று மாலை, மற்றவர்கள் போன பிறகு, இரண்டாகக் கிடந்தது.

சொல்லியிருக்க வேண்டும். ஆனால் பஸ்தாவி மேஸ்திரியான பிறகு கிடைத்த முதல் பெட்டி அது. தூக்க இன்னும் இரண்டே நாள். இப்போது பூட்டினால் அடுத்த வருடம் வேறு எவனாவது வந்து தூக்குவான். புது ஜிப்சம் குழைத்துப் பூசி, ஈரத்திலேயே, முதல் பட்டை பூசிய நாளின் தேதியை ஆணியால் கீறினான். உடைந்த துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டான்.

மேடம் டார்ச்சை மேலே திருப்பினாள்.

"மேஸ்திரி, தேதி பென்சில்லதானே இருந்துச்சு? இப்ப கீறியிருக்கு?"

"அழிஞ்சுபோச்சு மேடம். அதான் மேலயே கீறிட்டேன்."

"ம்."

நம்பிவிட்டாள்.

"மச்சான்," ஷாஸ்லி கீழேயிருந்து கூப்பிட்டான். "இந்த ஆளுக்கு உன் மூக்குதான். அதே கத்திரிக்கா. உங்க பரம்பரையான்னு விசாரி."

கூடைக்காரர்கள் சிரித்தார்கள்.

"வாய மூடிட்டு வேலையப் பாரு."

"ஏன் இப்படி எரிஞ்சு விழற? காலைல தின்ன மொச்சை செரிக்கலையா?"

ஷாஸ்லியின் கழுத்தில் ஒரு சிட்டிகைத் தூசி விழுந்தது. கொசுவைத் தட்டுவதுபோல் தட்டிவிட்டான். பஸ்தாவி நிமிர்ந்து பார்த்தான். கீறிய தேதியின் நடுவே, மயிர் அகலத்தில் ஒரு கோடு.

"வெளிய! எல்லாரும் வெளிய! கூடையப் போடு!"

"இரு மச்சான், தாடை மட்டும்..."

கணுக்காலைப் பிடித்து அவனைத் தரதரவென்று இழுத்தான்.

முற்றத்து வெயிலில் தலைகளை மூன்று முறை எண்ணினான். உள்ளே ஒரு கல்கூட விழவில்லை.

"பட்டை இப்பதான் உடைஞ்சுதா?" மேடம் மூச்சு வாங்கினாள். "ஆறு வாரத்துல ஒரு தடவைன்னா பயமில்ல. இன்ஜினியரக் கேட்டு, முட்டு குடுத்து, பெட்டிய நாளைக்கே எடுத்துடலாம்."

"நானே உள்ள போறேன் மேடம்," என்றான் ஷாஸ்லி. "தாடை பாதில நிக்குது."

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். யாருக்கும் தெரியாது. ஷாஸ்லி நாளைக்கும் அதே இடத்தில் படுப்பான்.

பஸ்தாவி பையிலிருந்த துண்டுகளை எடுத்து மேடத்தின் பதிவேட்டின் மேல் வைத்தான். பென்சில் தேதி அழியாமல் அப்படியே இருந்தது.

"இது நேத்து சாயங்காலம் உடைஞ்சது. உள்ள இருக்கறது அப்புறம் நான் பூசினது. ஒரு நாள்கூட தாங்கல."

ஷாஸ்லி கழுத்தைத் தடவினான். விரலில் வெள்ளைத் தூசி. "தெரிஞ்சே என்னை அதுக்குக் கீழ படுக்க வச்சியா?"

இந்த முறை மச்சான் என்று கூப்பிடவில்லை.

மேடம் பதிவேட்டில் முதலில் இருந்த பஸ்தாவியின் பெயரைக் கோடிட்டு அடித்தாள். "கல்லறைய இன்னைக்கே மூடறோம். மத்தவங்க இருங்க, வாக்குமூலம் எழுதணும். நீங்க போங்க மேஸ்திரி. இனிமே இங்க வர வேண்டாம்."

தினமும் அவனோடு டீ குடிக்கிற உவைஸ் தரையைப் பார்த்தபடி கதவைத் திறந்தான். பஸ்தாவி தாண்டினான். பின்னால் ஷாஸ்லி தூசியை இருமித் துப்புவது கேட்டது. இரும்புக் கதவு சாத்திக்கொண்டது. சாவி இரண்டு முறை திரும்பியது.