பதினொரு ஈக்கள்

"பெருக்கித் தள்ளிட்டியா? ஒரு மாச வேலை அக்கா அது!"

"குப்பையைத்தான்டா பெருக்கினேன். உன் வேலையை யாரு தொட்டா?"

"பதினொரு ஈ வச்சிருந்தேன் இங்க!"

"வீட்டுல ஈ இருந்தா விரட்டணும். அடைகாத்துக்கிட்டு உக்காந்திருக்கக் கூடாது!"

கீழ்வீட்டுத் தையல்காரம்மா மெஷினை நிறுத்திவிட்டாள். மேல்வீட்டுச் சண்டையை மெஷின் சத்தத்தில் தவறவிடுகிற ஆளா அவள்?

மேலே கத்தியது மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரும் அவருடைய அக்காவும். இருவருக்கும் ஐம்பது தாண்டியாயிற்று, இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவருக்குச் சமைத்துப் போட்டு, சட்டைக்குப் பொத்தான் தைத்து, ஸ்வெட்டர் பின்னிக் கொடுத்தே அக்காவின் காலம் ஓடிவிட்டது.

ஈ என்றால் நிஜ ஈ இல்லை. மலையாற்று ட்ரவுட் மீனை ஏமாற்ற, தூண்டில் முள்ளில் பட்டுநூலையும் சேவலின் கழுத்து இறகையும் சுற்றிச் செய்கிற பொய் ஈ. முள்ளே பாதி அரிசி அளவுதான்; லென்ஸ் வைத்துப் பார்த்துத்தான் கட்ட முடியும். வருஷத்தில் பத்தே நாள் ஆற்றின்மேல் சாம்பல் நிறப் பொடிப்பூச்சி பறக்கும்; அந்தப் பத்து நாளும் மீன் மகாராஜா வேறெதையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். ஈ தண்ணீரில் மிதந்தாக வேண்டும். நூல் ஒரு சுற்று கூடினாலும் முழுகிவிடும். வாலுக்கு அக்காவின் சீப்பில் சிக்கிய நரைமுடி. "என் முடியை மீனுக்கு வைக்கிறான் பாரு" என்று தெருவெல்லாம் குறை சொல்வாள்; பாதி பெருமைதான்.

அதோடு சண்டை முடிந்திருக்கலாம். அவர் வாய் சும்மா இருந்ததா?

"நீ இந்த வீட்டுல இல்லேன்னா என் சாமான் வச்ச இடத்துல இருக்கும்!"

தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

மனைவியை இழந்த பஸ் டிரைவர் ஒருவர் அக்காவைக் கல்யாணம் செய்துகொள்ள இரண்டு தடவை கேட்டிருந்தார். "நான் போயிட்டா அவனை யாரு பாத்துக்குவா?" என்று இரண்டு தடவையும் மறுத்திருந்தாள். அன்று சாயங்காலம் பஸ் நிறுத்தத்துக்கே போய், "சரி" என்று சொல்லிவிட்டு வந்தாள். பஸ் எட்டு நிமிஷம் தாமதமாகக் கிளம்பியதாம்.

மூன்றாம் நாள், கடையில் ஒரு டீச்சரம்மாவுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டிவிட்டு அட்டையை நீட்டினார் கடைக்காரர். "கடைசி வரி தெரியுதா?"

"நல்லாத் தெரியுது. உங்க முழங்கைகிட்ட ஏதோ பூச்சி ஒட்டியிருக்கே, அதுவும் தெரியுது."

கையைத் திருப்பிப் பார்த்தார். அக்கா பின்னிய சாம்பல் நிற ஸ்வெட்டர். அதில் வரிசை தப்பாமல் சாம்பல் நிற ஈக்கள். எண்ணினார். பதினொன்று. லென்சுக்குள் இருப்பது மட்டுந்தான் உலகம் என்று குனிந்திருந்தவர், செய்து முடித்து வைத்த ஈக்கள்மேலேயே முழங்கையை ஊன்றியிருக்கிறார். மூன்று நாளும் அதைப் போட்டுக்கொண்டுதான் மேஜையடியில் தேடியிருக்கிறார். ஊர்க் கண்ணையெல்லாம் சோதிக்கிற மனுஷன்!

ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். ஒவ்வொன்றோடும் ஒரு இழை வெளியே வந்தது.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வீட்டுக்கு வந்தார். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்:

"கிடைச்சுதா?"

இதைவிட அகலமாக யார் கதவைத் திறந்துவிடுவார்கள்? ஆனால் கிடைத்தது என்றால் எங்கே என்று கேட்பாள். எங்கே என்று சொன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"இல்ல," என்றார்.

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் டிரைவரின் தங்கை வந்து தேதி குறித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனார். ஈக்கள் அழகாக மிதந்தன. இரண்டு மீன் கிடைத்தது. அக்கா கழுவி வறுத்துத் தட்டில் வைத்தாள்.

"எதை வச்சுப் பிடிச்சே?"

"புதுசாக் கட்டினேன்."

"நாலு நாள்லயா? பரவாயில்லையே, கை வேகமாயிடுச்சு."

கல்யாணம் முடிந்தது. தன்னைவிட மூன்று வயது சின்னவரான டிரைவரை "அத்தான்" என்று கூப்பிடக் கடைக்காரருக்கு நாக்கு புரளவில்லை. பஸ் ஏறும்போது அக்கா, "ஸ்வெட்டர் மேல்தட்டுல இருக்குடா," என்று மட்டும் சொன்னாள்.

குளிர் வந்தபோது எடுத்தார். துவைத்து மடித்திருந்தது. கையைத் தடவிப் பார்த்தார். வெளியே வந்திருந்த இழையெல்லாம் உள்ளே இழுத்து முடிச்சிட்டிருந்தது. லென்சை எடுத்துவந்து எண்ணினார். பதினொரு முடிச்சு.

அக்கா இப்போது ஆறு மணி நேரப் பயணத் தொலைவில், டிரைவருக்கு மாற்றலான ஊரில் இருக்கிறாள். அவர் இன்னும் போய்ப் பார்க்கவில்லை; நாளைக்குப் போகலாம் என்கிறார். ஈ கட்ட உட்கார்ந்தால் வாலுக்கு முடி இல்லை. தன் தலையிலிருந்து எடுக்கலாம் என்றால் அங்கே ஏது? தையல்காரம்மாவும் மகள் வீட்டோடு போய்விட்டாள். மேலே சண்டை போட ஆளில்லை என்றபின் கீழே அவளுக்கு மட்டும் என்ன வேலை?