எண் ஏறட்டும் என்று

டிரைவருக்கு உடம்பு தேறியதுதான் வினையாகப் போயிற்று.

பள்ளிப் பேருந்து ஓட்டியவர். ஒரு சொட்டுச் சாராயம் தொட்டதில்லை. காமாலைக் கிருமி எப்போதோ உள்ளே புகுந்து, சத்தமில்லாமல் கல்லீரலைத் தின்று தீர்த்துவிட்டது. அக்கம்பக்கத்தார் விடுவார்களா? குடிகாரன் என்று பட்டம் கட்டிவிட்டார்கள். அவர் மனைவி அவர்களுக்கு வாயைக் கொடுத்து நேரத்தை வீணாக்கவில்லை. துணிக் கம்பெனியில் தையல் சரிபார்க்கிறவள். ஒரு நூல் பிசகினாலும் சட்டையைத் திருப்பி வீசுகிறவள். அதே கண்டிப்போடு புருஷனையும் பார்த்துக்கொண்டாள். உப்பில்லாத சாப்பாடு, வேளாவேளைக்கு மாத்திரை, மூன்று வேளையும் அந்தப் பாகு மருந்து. வயிற்றை இளக்கி, மூளைக்கு விஷம் ஏறாமல் காக்கிற மருந்து அது.

இறந்துபோன யாருடைய கல்லீரலாவது கிடைத்தால்தான் அவர் பிழைப்பார். அதற்கும் ஒரு வரிசை. ரத்தத்தைச் சோதித்து எண் போடுவார்கள். நோய் முற்ற முற்ற எண் ஏறும், எண் ஏறியவருக்கே முதலிடம். இருபத்தேழில் இருந்தவர் அவள் கவனிப்பில் இருபத்திரண்டுக்கு இறங்கினார். இரண்டாவது இடம் ஒன்பதாவது ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் அந்த வரிசையைக் கவனிக்கும் பெண், நல்ல விஷயம்தானே என்றாள்.

நல்ல விஷயமாம்! மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு மாதமாக மாடாய் உழைத்து, புருஷனை வரிசையில் பின்னுக்குத் தள்ளியதுதான் மிச்சம். எண் ஏறுவதற்குள் ஆளே போய்விட்டால்?

மாத்திரையில் கைவைக்கத் தைரியம் வரவில்லை. பாகு மருந்து வெறும் பேதி மருந்துதானே, கொஞ்சம் மோசமாகட்டும், எண் ஏறியதும் கொடுத்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதே பாட்டிலில் சர்க்கரைப் பாகைக் காய்ச்சி ஊற்றினாள். அவர் முகம் சுளித்துக்கொண்டே மூன்று வேளையும் குடித்தார்.

நான்காம் நாள் அவருக்குப் பேச்சு குழறியது. ஐந்தாம் நாள் அவளையே பார்த்து, "நீங்க யாரு?" என்றார். அவள் அடுப்படிக்கு ஓடினாள். ஒளித்து வைத்திருந்த உண்மையான மருந்தை எடுத்து, அரைமயக்கத்தில் கிடந்தவர் வாயில் அவசரமாக ஊற்றினாள். அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கழித்து நினைவு திரும்பியது. நெஞ்சில் சளி மட்டும் கட்டி நின்றது. அன்று காலை வரிசைப் பெண் வார்டுக்கே வந்தாள். இவருக்குப் பொருந்துகிற கல்லீரல் ஒன்று வந்திருக்கிறதாம். எண்ணும் முப்பத்தொன்றுக்கு ஏறி, முதலிடம் இவருக்குத்தானாம். ஆனால் நுரையீரலில் கிருமியோடு அறுவைசிகிச்சை செய்ய முடியாது, அதனால் அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்று என்றாள். இன்னும் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது என்று டாக்டர் வராந்தாவில் வைத்து அவளிடம் தனியாகச் சொன்னார்.

பிறகு கட்டிலருகே வந்து கேட்டார். "திடீர்னு மூளைக்கு எப்படி ஏறுச்சுன்னு தெரியல. பாகு மருந்து தவறாம குடுத்தீங்களாம்மா?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார்.

"ஒரு வேளை தப்பினதில்ல டாக்டர். மணி பாத்து ஊத்துவா. இவ இல்லன்னா நான் எப்பவோ போயிருப்பேன்."

டாக்டர் தலையசைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். டிரைவர் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"அழாத. எண்ணுதான் ஏறிடுச்சுல்ல? அடுத்தது நமக்குத்தான்."

"ஆமா," என்றாள் அவள்.