காத்திருப்பில் வை

ஒமுர்பெக் உட்காரவில்லை. வெள்ளைக் கம்பளித் தொப்பியைக் கழற்றாமல், நாரின் நகர வார இதழின் அலுவலகத்தில் சாய்கலின் மேசைக்கு எதிரே நின்றபடியே, தன் அண்ணன் கெங்கேஷ் விடியற்காலையில் இறந்துவிட்டதையும், மறுநாள் நண்பகல் தொழுகைக்குப் பின் அடக்கம் என்பதையும் சொன்னார். சாய்கல் தட்டச்சு செய்துகொண்டாள். இதழின் இணையதளத்தில் துயரச் செய்திப் பக்கம் பல ஆண்டுகளாக அவள் பொறுப்பில் இருந்தது. மேய்ச்சல் மலைகளில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் ஊரின் சாவுகளை அந்தப் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டார்கள்.

"இப்பவே போட்டுடாதம்மா" என்றார் ஒமுர்பெக். "அவர் பொண்ணு பெகாயிம் மாஸ்கோவுல இருக்கா. ராத்திரி வேல. இந்நேரம் தூங்கிட்டிருப்பா. அங்கயே இருக்கற நம்ம ஊர்ப் பெரியவங்க நாலஞ்சு பேரு அவ ரூமுக்குக் கிளம்பியிருக்காங்க. பக்கத்துல உக்காந்து சொல்லணும். பெத்தவர் போனத ஒரு பிள்ள ஃபோனப் பாத்துத் தெரிஞ்சுக்கக் கூடாது. சொல்லி முடிச்சதும் கூப்பிடுவாங்க, அப்புறம் போடு."

"எனக்குத் தெரியாதாண்ணே? காத்திருப்புல வெச்சுடறேன். நீங்க போய்ச் சாவுக்குக் கூடாரம் போடற வேலயப் பாருங்க."

அவர் போனதும் அறிவிப்பை மறுபடி படித்துப் பார்த்து, வலப்பக்க மேல் மூலையிலிருந்த நீலப் பொத்தானை அழுத்தினாள். அந்த இடத்தில் அத்தனை ஆண்டுகளும் 'காத்திருப்பில் வை' என்ற எழுத்துகள் இருந்தன. துக்க வீட்டின் வழக்கம் அறிந்து பழைய ஆசிரியர் கேட்டு வாங்கிய பொத்தான் அது. சொல்ல வேண்டியவர்களிடம் சொல்லியாகும்வரை எத்தனையோ மரணங்கள் அந்தப் பொத்தானுக்குப் பின்னால் பொறுமையாக இருந்திருக்கின்றன. ஆனால் திங்கட்கிழமையன்று தளம் புதுப்பிக்கப்பட்டிருந்தது. சொற்கள் இருந்த இடங்களிலெல்லாம் இப்போது படங்கள்: ஒரு மேகம், ஒரு காகித விமானம், ஆங்காங்கே மூன்று மூன்று புள்ளிகள். மூளை அறிந்திருந்த மாற்றத்தை விரல் அறிந்திருக்கவில்லை. நீலப் பொத்தானில் இருந்த காகித விமானம் ஒருமுறை துள்ளி மறைந்தது. 'வாசகர்கள் அனைவருக்கும் அறிவிப்பு அனுப்பப்பட்டது' என்று திரை மகிழ்ச்சியோடு பச்சை நிறத்தில் சொன்னது.

தளத்தை அமைத்துக்கொடுத்த மக்சாத் தலைநகர் பிஷ்கெக்கில் இருந்தான். அவனை அழைத்தபோது அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக ஒலித்தது.

"மக்சாத், தெரியாம வெளியிட்டுட்டேன். உடனே எடுக்கணும். எங்க அமுக்கறது?"

"வலது பக்கம் மூணு புள்ளி இருக்கும் பாருங்கக்கா."

"எந்த மூணு புள்ளி? அம்மை போட்ட மாதிரி இருக்கு உன் திரை."

"அக்கா, சோதிச்சுப் பாத்தவங்க எல்லாருக்கும் சுலபமாத்தானே இருந்துது."

"அவங்கள்ல யாராவது சாவுச் செய்தி போட்டுப் பாத்தாங்களா?"

மக்சாத் தணிந்த குரலில், "நீக்கற அனுமதிய ஆசிரியருக்கு மட்டும்தான் குடுத்திருக்கோம். அவர்கிட்ட…" என்றான்.

"அவரு கணவாய் மேல இருக்காரு. அங்க ஆடுகளுக்கே சிக்னல் கிடைக்காது."

"சரி, நான் இங்கேருந்து எடுக்கறேன். கொஞ்சம் நேரமாகும். ஆனா போன அறிவிப்ப நம்மால திருப்பிக் கூப்பிட முடியாதுக்கா."

ஒமுர்பெக்கை ஃபோனில் அழைத்துச் சொன்னபோது அவள் தன்னைத் தற்காத்துக்கொள்ள ஒரு சொல்லும் பயன்படுத்தவில்லை. பின்னணியில் கூடாரத்தின் மரச்சட்டங்களை யாரோ கட்டும் ஓசை கேட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் அவளுக்கு எளிதாக இருந்திருக்கும். "பெரியவங்க இன்னும் ரயில்ல போயிட்டிருக்காங்க" என்று மட்டும் சொன்னார். "எழுந்ததும் அவ மொதல்ல ஃபோனத்தான் எடுப்பா. நம்பர் தரேன். நீயே கூப்பிட்டு எதையாவது பேசிட்டிரு. அவங்க போற வரைக்கும் அவ கண்ணு திரையில படக்கூடாது."

பெகாயிம் தூக்கக் கலக்கத்தோடு எடுத்தாள். தளம் புதிதாகியிருக்கிறது, வாசகர்களின் கருத்தைக் கேட்கிறோம் என்று சாய்கல் சொன்ன பொய் எதிர்பாராத விதமாக ஒரு மடையைத் திறந்துவிட்டது.

"நல்லவேள கேட்டீங்கக்கா! யாரு இத மாத்துனது? எழுத்து எறும்பு மாதிரி இருக்கு. உள்ள போனா கடவுச்சொல் கேக்குது. எனக்கு எங்க ஞாபகம்? திங்கக்கிழமையிலேருந்து ஒரு அறிவிப்பும் வர்றதில்ல."

சாய்கல் கண்களை மூடிக்கொண்டாள். சற்றுமுன்வரை அவள் சபித்துக்கொண்டிருந்த அத்தனை கோளாறுகளும் இப்போது ஒரு பெண்ணின் தலைமாட்டில் காவல் நிற்பதாகத் தோன்றியது.

"அப்புறம் அந்தத் துயரச் செய்திப் பக்கத்த எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்றாள் பெகாயிம். "வேலைக்குப் போறதுக்கு முந்தி தினமும் அதப் பாத்துடுவேன். நமக்கு வேண்டியவங்க யாரும் இல்லன்னு தெரிஞ்சாதான் மனசு நிம்மதி. இருங்க, கடவுச்சொல் இல்லாமயே பாக்கலாமில்ல? எங்க அமுக்கணும், சொல்லுங்க. இப்பவே திறக்கறேன்."

"ஃபோனக் காதுலேருந்து எடுக்காதம்மா, சரியாக் கேக்க மாட்டேங்குது" என்றாள் சாய்கல். பக்கம் எங்கிருக்கிறது என்பதை அவள் நான்கு நாட்களாகத் தடவித் தடவிக் கற்றிருந்தாள். "எனக்கே இன்னும் பிடிபடல. இங்க எல்லாமே புள்ளி புள்ளியா இருக்கு."

பெகாயிம் சிரித்தாள். "உங்களுக்கே தெரியலன்னா நாங்க எங்க போறது? அப்பா கூட திட்டிட்டிருந்தாரு. முந்தாநாள் பேசினப்ப, செய்திய விட அவங்க விளம்பரம் பெருசா வருதுன்னாரு. அவர் கண்ணாடி மாத்தணும்க்கா, நான் வந்துதான் மாத்தணும். நான் இன்னும் ராத்திரி ஷிஃப்டுலதான் இருக்கேன்னு அவர எங்கயாவது பாத்தா சொல்லிடாதீங்க. பகல் வேலன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"சொல்ல மாட்டேன்" என்றாள் சாய்கல். எழுத்தின் அளவைப் பற்றிக் கேட்டாள், நிறத்தைப் பற்றிக் கேட்டாள், படங்கள் மெதுவாக வருகின்றனவா என்று கேட்டாள். கேள்விகள் தீர்ந்ததும் மாஸ்கோவில் மழையா என்று கேட்டாள். பெகாயிம் எல்லாவற்றுக்கும் அக்கறையாகப் பதில் சொன்னாள். நடுவில் அவளே ஒரு கேள்வி கேட்டாள்.

"அக்கா, வாசகருங்க எல்லாரையும் இப்படித்தான் கூப்பிட்டுக் கேக்கறீங்களா?"

சாய்கல் பதில் சொல்வதற்குள் மறுமுனையில் யாரோ கதவைத் தட்டினார்கள்.

"யாரு இந்த நேரத்துல… வெச்சுடாதீங்க, இதோ பாத்துட்டு வந்துடறேன்."

ஃபோன் ஏதோ மெத்தென்ற ஒன்றின் மேல் வைக்கப்பட்டது. தாழ்ப்பாள் விலகியது. வயதான குரல் ஒன்று ஊர்ப் பேச்சில் பெகாயிமின் நலத்தை விசாரித்தது; இன்னொரு குரல் வேலையைப் பற்றிக் கேட்டது. பிறகு, வாசலில் காலணிகள் ஒவ்வொன்றாகக் கழற்றி வைக்கப்படும் ஓசை கேட்டது. ஒரு ஜோடி, அடுத்து இன்னொன்று, அதற்குப் பிறகும் இன்னொன்று.