நாலாவது மூலை

மேஜையை ஓரமாக நகர்த்த ஒரு பக்கம் கணவனும் மறுபக்கம் அவளுமாகத் தூக்கியபோது, அதன்மேல் இருந்த பிளாஸ்டிக் ராணுவ டாங்கியின் மேல்தட்டு நழுவி அவள் கால் விரலில் விழுந்தது. காலித் தீப்பெட்டி விழுந்த கனம்தான் இருக்கும். அவளோ நெருப்புப் பட்டதுபோல் காலை இழுத்துக்கொண்டாள்.

"மெதுவா. அப்பாவோடது" என்றான் கணவன்.

அப்பா இரண்டடி தள்ளிச் சன்னலோரக் கட்டிலில் கிடந்தார். காலையில் அவள் டீயை நீட்டியபோது வாங்கிக்கொள்ளக் கை வரவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டது, ஒரு சிரமமும் பட்டிருக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். மதியம் வண்டி வரும். அதற்குள் வருகிறவர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும்.

அவள் குனிந்து தட்டை எடுத்து டாங்கியின் மேல் வைத்தாள். மூன்று மூலை உட்கார்ந்தது. நாலாவது மூலை எப்போதும்போல் மயிரிழை தூக்கிக்கொண்டு நின்றது. அதை உலகத்தில் அவளைவிட நன்றாக அறிந்தவர் யாரும் இல்லை.

கணவனின் அப்பா, அவளுக்கு மாமா. தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். தைப்பவர் இல்லை, வெட்டுபவர். கோட்டுத் துணியை விரித்துச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டுக் கத்தரியை ஓட்டினால், தைப்பவனுக்கு மூளையே தேவையில்லை என்று கடையில் சொல்வார்கள். பெண் பார்க்க வந்த அன்றுகூட, அவள் படிப்பையும் சமையலையும் மற்றவர்கள் விசாரித்துக்கொண்டிருக்க, இவர் மட்டும் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இடது தோள் கால் இஞ்ச் இறக்கம். தைக்கும்போது சொல்லிடணும்" என்றார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அவளைப் பற்றிச் சொன்ன ஒரே குறை அதுதான். அதுவும் உண்மை.

அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. கோட்டு சரியாக விழவில்லை என்றால் மற்ற மாஸ்டர்கள் துணியைத் திட்டுவார்கள், ஆலைக்காரனைத் திட்டுவார்கள். இவர் வாயே திறக்க மாட்டார். "துணி ஒரு நாளும் தப்புப் பண்ணாது. கைதான் பண்ணும்" என்று கோட்டைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பிடிவாதம்தான் கடைசியில் அவரைக் கவிழ்த்தது.

டாங்கிப் பெட்டியைக் கொடுத்தது அவருடைய பழைய வாடிக்கைக்காரர், பல் டாக்டர். அவருக்கு இந்த மாதிரி பிளாஸ்டிக் விமானம், கப்பல், ராணுவ வண்டி எல்லாம் ஒட்டிச் சேர்ப்பதில் பைத்தியம். தன் கூன் முதுகு தெரியாதபடி ஒரு கோட்டு வெட்டிக் கொடுத்ததற்கு நன்றியாக, "இது லேசுப்பட்டது இல்ல மாஸ்டர், நானே பாதியில விட்டுட்டு ஓடியிருக்கேன்" என்று சொல்லித்தான் கொடுத்தார். திறந்து பார்த்தால் சட்டம் சட்டமாகச் சாம்பல் நிறத் துண்டுகள். அரிசியளவு திருகாணி முதல் உள்ளங்கையளவு தட்டு வரை, ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"இதுவும் தையல்தாம்மா. வெட்டுறோம், எண் பார்த்துச் சேர்க்கிறோம். ஊசிக்குப் பதிலா பசை. அவ்வளவுதான்."

சேர்க்கும் முன் சட்டங்களைச் சோப்புத் தண்ணீரில் அலச வேண்டும், அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய் போனால்தான் பசை பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்று அவர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "வெதுவெதுப்பான தண்ணியில லேசா அலசி வச்சிடும்மா" என்றார். அவளுக்கு அன்று ஆயிரம் வேலை. குழந்தைக்குக் காய்ச்சல், வேலைக்கு நேர்முகத் தேர்வு. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தண்ணீரை அப்படியே தொட்டியில் சாய்த்தாள். பச்சைத் தண்ணீர் கலக்க மறந்துவிட்டது. திரும்பி வந்து பார்த்தபோது மற்றவை தப்பித்திருந்தன. பெரிய மேல்தட்டு மட்டும் வெயிலில் கிடந்த அட்டைபோல் முறுக்கிக்கொண்டிருந்தது.

கையால் நீவினாள். சமையலறை மேடையில் வைத்து, மேலே கனத்த பழைய இஸ்திரிப்பெட்டியைப் பாரமாக வைத்தாள். தண்ணீர் குடிக்க வந்த கணவன், "என்ன இது? இஸ்திரிப்பெட்டிக்கு அடியில?" என்று கேட்டான். "சும்மா, மாமாவோடது, காயட்டும்னு" என்றாள். மாலையில் எடுத்தபோது நேராகத்தான் தெரிந்தது. அவள் கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதும் என்று இருந்தது.

மாமா மாதக்கணக்கில் உட்கார்ந்து கட்டினார். சக்கரங்களுக்கு உப்புத்தாள் தேய்த்தார். ஓடும் பட்டையை ஒவ்வொரு கண்ணியாக இடுக்கியால் கோத்தார். மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுவார், பிறகு பெரிதாக விடுவார். குழந்தை அதைப் பார்த்துவிட்டு, "தாத்தா முங்கி எழுந்திரிக்கிறார்" என்று சிரிக்கும். கடைசியில் மேல்தட்டு. வைத்தார். மூன்று மூலை உட்கார்ந்தது.

அவர் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தட்டு உட்கார வேண்டிய அடிப்பெட்டியைத்தான் பார்த்தார். அது அவரே ஒட்டியது, அவர் கை பட்டது. பிளேடால் பிரித்தார், மறுபடி ஒட்டினார். மறுபடி தூக்கிக்கொண்டது. மறுபடி பிரித்தார். பிறகு ஒரு நாள் கடையில் கோட்டுத் துணியின் மேல் கத்தரியை வைத்தவர், வெட்டாமலேயே கீழே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

"கை போச்சும்மா" என்றார், வெறும் செய்தி சொல்வதுபோல. "கண்ணு சொல்றதைக் கை கேக்கல. அடுத்தவன் துணியை வீணாக்கக் கூடாது."

அன்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. ஆனால் அந்த வாரம்தான் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. குழந்தையைப் பள்ளியிலிருந்து யார் கூட்டி வருவது என்று அவளும் கணவனும் தினமும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமா வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் அந்தச் சண்டை தானாக நின்றது. அவரே கூட்டி வந்தார், பால் காய்ச்சினார், வீட்டுப்பாடம் பார்த்தார். அவளுக்கு வசதியாக இருந்தது. இந்த வசதி என்ற சொல்லைத்தான் அவளால் இப்போது விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்ட ஒவ்வொரு நாளும், அடுத்த நாள் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கிவிட்டுப் போனது.

மாமா வீட்டிலும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். மணிக்கட்டுப் பட்டனைத் தானே ஒரு கையால், பார்க்காமலேயே மாட்டுவது அவருக்கு ஒரு பெருமை. கை போச்சு என்று முடிவு கட்டிய பிறகு, காலையில் அவள் முன்னால் வந்து மௌனமாகக் கையை நீட்டுவார். அவளும் மௌனமாகப் போட்டுவிடுவாள். அந்தக் கை ஒரு நாளும் நடுங்கியதில்லை.

பதினோரு மணிக்குத் தையல் கடை முதலாளி வந்தார். கட்டிலருகே வெகுநேரம் நின்றுவிட்டு, கணவனின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை தடவை வந்து கூப்பிட்டேன் தம்பி! சும்மா வந்து உக்காருங்க மாஸ்டர், வெட்டக்கூட வேண்டாம்னேன். மாட்டேன்னுட்டாரு. கத்தரியை விட்டதுமே மனுஷன் பாதி போயிட்டாரு."

அவள் நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த நாற்காலியையே திரும்பத் துடைத்தாள்.

பல் டாக்டர் வந்தது அதற்குப் பிறகு. வெகு நாளாக மகள் வீட்டில் இருந்துவிட்டு, போன வாரம்தான் திரும்பியிருக்கிறார். மாஸ்டர் வெட்டிக் கொடுத்த அதே கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். சுவரோரம் டாங்கியைப் பார்த்ததும் கண் கலங்கியது.

"முடிச்சிட்டாரா?"

"எங்க டாக்டர். அந்தத் தட்டு உக்காரவே இல்ல. அதோட கை போச்சுன்னு எல்லாத்தையும் விட்டுட்டார்" என்றான் கணவன்.

டாக்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டாங்கியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கை போச்சா? அடிப்பெட்டி நூல் பிடிச்ச மாதிரி இருக்கேப்பா." தட்டை எடுத்து மேஜைக் கண்ணாடியின் மேல் வைத்து ஒரு மூலையை விரலால் அழுத்தினார். எதிர் மூலை எழுந்தது. அழுத்தினார், எழுந்தது. "பெட்டியில ஒண்ணும் இல்ல. தட்டுதான் முறுக்கிக்கிட்டிருக்கு. ரெண்டு நிமிஷ வேலை. ஒரு வார்த்தை போன்ல கேட்டிருக்கக் கூடாதா?"

"சரி பண்ண முடியுமா?"

"சுடுதண்ணி இருந்தா போதும். இப்ப எதுக்குப்பா, அப்புறமா..."

"இல்ல டாக்டர், இப்பவே பண்ணுங்க. அவர் வீட்ல இருக்கும்போதே." கணவன் அவள் பக்கம் திரும்பினான். "கொஞ்சம் சுடுதண்ணி கொண்டு வா."

அன்று தண்ணீர் கொதித்த அதே பாத்திரத்தைத்தான் அடுப்பில் வைக்க வேண்டியிருந்தது, வேறு பெரியது இல்லை. தண்ணீர் சூடாகும் வரை அவள் பக்கத்திலேயே நின்றாள். கொதித்ததும் பச்சைத் தண்ணீரை எடுத்தவள், டாக்டர் எந்தச் சூட்டில் கேட்டார் என்று தெரியாமல் இரண்டையும் தனித்தனியாகக் கொண்டு போனாள்.

டாக்டர் அளவாகக் கலந்து, தட்டைக் கொஞ்ச நேரம் அமிழ்த்தி, கண்ணாடியின் மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். கூடத்தில் எல்லோரும், எழவு வீட்டில் இது என்ன விளையாட்டு என்பதுபோலப் பார்த்தார்கள். ஆறியதும் தட்டைக் கணவனிடம் கொடுத்தார். அவன் டாங்கியின் மேல் வைத்தான். சின்னதாக ஒரு சத்தம். நாலு மூலையும் உட்கார்ந்தது.

"அப்ப அப்பா கை?"

"கைக்கு என்ன? எனக்கே இப்படி வராது."

கணவன் டாங்கியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்தபடி நின்றான்.

"அப்புறம் அது எப்படி வளைஞ்சுது?" என்று முதலாளி கேட்டார்.

"கழுவும்போது கொதிக்கிற தண்ணியில போட்டிருக்கணும். வேற வழியில்ல."

முதலாளி உச்சுக் கொட்டினார். "அவரேதான் போட்டிருப்பாரு. வயசு. மறதி வந்திருக்கு மாஸ்டருக்கு, யாருக்கும் தெரியல."

டாக்டர் தலையை ஆட்டினார். கணவனும் மெல்ல, ஒப்புக்கொள்வதுபோல, "ஆமா, அப்பாவேதான்" என்று ஆரம்பித்தான்.

செய்யாத தப்பை அந்தக் கை இன்னொரு முறை வாங்கிக்கொண்டது. இனிமேல் அந்தப் பழியை அந்தக் கையிலிருந்து எடுக்க அவளைத் தவிர யாரும் இல்லை. அவள் துடைக்கும் துணியை நாற்காலி முதுகில் போட்டாள்.

"மாமாவுக்கு மறதியெல்லாம் கிடையாது."

குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. முதலாளி அவளைப் பார்த்தார். டாக்டர் அவளைப் பார்த்தார், பிறகு அவள் கொண்டு வந்த பாத்திரத்தைப் பார்த்தார், பிறகு தன் கோட்டுப் பட்டனைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இஸ்திரிப்பெட்டி" என்றான் கணவன்.

அவள் பார்வை சமையலறைப் பக்கம் போனது.

"அன்னைக்கு இஸ்திரிப்பெட்டிக்கு அடியில..." முடிக்காமல் நிறுத்தினான். தெருவில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டுக் காத்திருந்தார்.

கணவன் டாங்கியை மேஜையில் வைத்தான். கட்டிலருகே போய்க் குனிந்து அப்பாவின் சட்டையை நீவிவிட்டான். காலையில் அவன்தான் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டிருந்தான்.

"இந்தக் கை பட்டன் போடலை" என்றான், யாரிடம் என்றில்லாமல்.

அவள் போய்க் கட்டிலின் மறுபக்கம் மண்டியிட்டாள். தினமும் போட்ட பட்டன்தான். பட்டன் கிடைத்தது. காஜா ஓட்டை கிடைக்கவில்லை. கிடைத்தபோது பட்டன் நழுவிற்று. மறுபடி பிடித்தாள், மறுபடி நழுவிற்று. வாசலில் ஓட்டுநர் மெல்ல இருமினார்.

கணவன் அவள் கையை விலக்கவில்லை. தானும் போடவில்லை. அவளைப் பார்க்காமலேயே, அப்பாவின் மணிக்கட்டை மட்டும் அசையாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.