லிபி என்று அடித்தால் போதும்

மூன்று சர்வர்கள், மூன்று புத்தி. ஒன்று, நடந்ததைக் குறித்துவைக்கும் தன் லாக் கோப்பில் காற்புள்ளி போட்டு எழுதும். இன்னொன்று நெட்டுக்கோடு போடும். மூன்றாவது தேதியை எப்படி எழுதுகிறது என்பது அதற்கே வெளிச்சம். இந்த லட்சணத்தில்தான் மலையாள நாட்டு டெக்னோபார்க்கில் அந்தக் கம்பெனி, கல்ஃபில் இருப்பவர்கள் ஊருக்குச் செய்தி அனுப்ப இணையத்தில் ஒரு சேவை நடத்தியது. பெறுபவர் பெயர் தப்பினால் செய்தி தொலைந்துபோகும். அனுப்பியவனுக்கு மட்டும் 'அனுப்பியாயிற்று' என்று காட்டும்.

"மெசேஜ் கிட்டலைன்னு ஒரே பராதி, கம்ப்ளெயின்ட். சேராமப் போனதெல்லாம் லிஸ்ட் எடு லிபி. உச்சைக்கு முன்ன, பன்னெண்டு மணிக்குள்ள வேணும், கேட்டோ" என்று டீம் லீடர் சஜி காலையிலேயே சொல்லிவிட்டான்.

லிபிக்கும் அன்றுதான் கெடு. 2002 மே ஆறு. மாலையில் நாகர்கோவிலிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். சாலைக் கடைத்தெருவில் இரும்புக்கடை வைத்திருக்கும் அப்பா வேதமாணிக்கம் மகளிடம் கறாராகச் சொல்லியிருந்தார்: "அந்தப் பயலுட்ட இருந்து ஒரு வரி வந்திருந்தா காட்டு மக்களே. நான் பின்ன மறுத்துப் பேசமாட்டேன்."

காட்ட ஒன்றுமில்லை. அவள் விரும்பிய பிரபின் வெல்டர் வேலைக்குச் சார்ஜா போய் ஆறு மாதம் தாண்டிவிட்டது. "வீட்டுக்கு லெட்டர் போட்டுராத, அப்பா பிரிச்சிருவாரு. எங்க சைட்ல லிபின்னு அடிச்சாப் போதும், எனக்கு வந்துரும்" என்று விமான நிலையத்தில் இவள்தான் சொல்லி அனுப்பினாள். ஒன்றும் வரவில்லை. இவள் அனுப்பியதற்கும் பதில் இல்லை. பாழாய்ப்போன மனசு மட்டும் தினமும் இன்பாக்ஸைத் திறந்து பார்த்தது. அவன் குரலை ஒரு தடவை கேட்டால் போதும் என்று வேலைக்குப் போகும் கழக்கூட்டம் பஸ்ஸில் உட்கார்ந்தே அழுதிருக்கிறாள்.

வேலையில் மட்டும் கை தடுமாறாது. sed கட்டளையால் கோடுகளையெல்லாம் காற்புள்ளியாக்கினாள். grep போட்டுச் சேராத வரிகளைப் பிடுங்கினாள். awk கொண்டு பெறுபவர் பெயரை மட்டும் உருவி, எத்தனை தடவை என்று எண்ணி அடுக்கினாள்.

பட்டியலின் உச்சியில் நின்றது: prabin, 31.

அந்த முப்பத்தொன்றும் அவளே அனுப்பியவை. அப்படி ஒரு பெயரே பதிவாகவில்லையாம். அதற்கு அடுத்த வரி: lipi, 23.

எவனோ 'எழுத்து' என்கிற லிபிக்குக் கடிதம் போட்டிருக்கிறான் என்று முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடியே அது போய்விட்டது. மலையாளத்தில் pa வேறு எழுத்து, ba வேறு எழுத்து. அதைப் படித்து வளர்ந்த இவள் தன் பெயரை libi என்று பதிந்திருந்தாள். களியக்காவிளையில் தமிழ் மீடியம் படித்தவனுக்கு எல்லாம் ஒரே 'ப'தான். "உன் பேருக்கு அர்த்தமே எழுத்துதானே" என்று அவன் கொஞ்சியபோது, கேட்க நன்றாக இருந்ததால் இவள் திருத்தவில்லை. அவன் தந்த சீட்டெல்லாம் தமிழில்தான். இங்கிலீஷில் ஒருவர் பெயரை மற்றவர் எழுதிப் பார்த்ததே இல்லை.

அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள். pirapin. அடப்பாவி, உன் பெயருமா?

இருபத்துமூன்றும் சார்ஜாவில் விடுமுறையான வெள்ளிக்கிழமைகளில், வாரத்துக்கு ஒன்றாக எழுதியவை. லாக்கில் தலைப்புகள் மட்டும் மிச்சமிருந்தன. சுகமா. பதில் போடு. கோபமா லிபி. கடைசித் தலைப்பு: இனி எழுத மாட்டேன், நல்லா இரு.

அது மட்டும் மூன்றாவது சர்வரின் கோப்பில் இருந்தது, தேதி 05/04. மாதம் முதலில் என்றால் மே நான்கு, முந்தாநாள். நாள் முதலில் என்றால் ஏப்ரல் ஐந்து. முந்தாநாளாக இருக்கட்டும் ஏசுவே, முந்தாநாளாக இருக்கட்டும். அதே கோப்பில் வேறு வரிகளைத் தேடினாள். 27/04 என்று ஒன்று கண்ணில் பட்டது. இருபத்தேழாவது மாதம் எங்கும் இல்லை. அவன் எழுதுவதை நிறுத்தி ஒரு மாதம் ஆகிவிட்டது.

சஜிக்குப் பட்டியலைக் கொடுத்துவிட்டு அப்பாவின் கடைக்குப் போன் செய்தாள்.

"அப்பா, ஒரு வரி கேட்டிய இல்லியா? இருபத்துமூணு வரி இருக்கு. இங்க கம்பெனியில வச்சே தொலஞ்சு கிடந்திருக்கு."

"இப்பவும் எழுதுகானா?" என்று வேதமாணிக்கம் கேட்டார்.

"இல்லப்பா. நான் வேண்டாம்னு விட்டேன்னு நெனச்சு நிறுத்திட்டான்."

"பின்ன என்ன செய்யப்போற?"

"இனி நான் எழுதணும்பா. அந்த நாகர்கோவில்காரவியள வரண்டாம்னு சொல்லுங்க."