வண்டி ஏன் நிற்கிறது?

ஷாகிதா ஓட்டுவது பள்ளிக்கூட வேன். வானகரத்தில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பில் பிள்ளைகளை ஏற்றி, பூந்தமல்லியில் இருக்கும் பள்ளியில் விட வேண்டும். மத்தியானம் எல்கேஜி, யூகேஜி வாண்டுகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சாயங்காலம் பெரிய பிள்ளைகளை அழைத்துவர வேண்டும். மத்தியான நடைக்கும் சாயங்கால நடைக்கும் நடுவே ஒரு மணி நேரம் போல மிஞ்சும். வந்த தகராறெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான்.

அவள் வீடு பூந்தமல்லியில் ஒரு சந்துக்குள். இரண்டே அறை. அதில் மாமியார், நாத்தனார், நாத்தனாரின் பிள்ளைகள், நைட் ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் புருஷன். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஆனால் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் யாராவது ஒருவருக்கு ஏதாவது ஒன்று வேண்டியிருக்கும். ஆகையால் வாண்டுகளை இறக்கிவிட்டுத் திரும்பும் வழியில், வேலப்பன்சாவடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பி, ஒரு கல்லூரியின் பின்சுவர் ஓரம் புங்கமர நிழலில் வண்டியை நிறுத்துவாள். போனை அணைப்பாள். கடைசி சீட்டுக்குப் போய், முக்காட்டைத் தளர்த்திவிட்டுக் காலை நீட்டிக்கொள்வாள். அப்புறம் ஒன்றும் செய்யமாட்டாள். தூங்குவதுகூட இல்லை. சில நாள் வழியில் வாங்கிய வெள்ளரிப்பிஞ்சு இருக்கும். சில நாள் அதுவும் இருக்காது.

இது வருஷக்கணக்காக நடந்துவந்தது. யாருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய சங்கதியாகவும் அது இல்லை.

இந்த வருஷம் பள்ளி திறந்ததும் வண்டி முதலாளி பஷீருதீன் வேனில் ஜிபிஎஸ் கருவி பொருத்தினார். பெற்றோர் போனில் ஒரு ஆப். அதில் வேன் ஒரு மஞ்சள் புள்ளியாக நகரும். முதலில் ஷாகிதாவுக்கே அது பிடித்திருந்தது. எங்கே வருகிறீர்கள் என்று காலையில் போன்மேல் போன் அடிப்பது நின்றுபோயிற்று. வழியில் நெரிசல் என்றால் அவர்களே பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டும் வண்டியை நாலு பேர் பார்ப்பது நல்லதுதானே என்று இருந்துவிட்டாள்.

பிள்ளைகள் இறங்கிய பிறகும் அந்தப் புள்ளி அணைவதில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் கேள்வி எழுந்தது. வண்டி தினமும் வேலப்பன்சாவடியில் ஏன் நிற்கிறது? வேறு சவாரி ஏற்றுகிறாளோ என்றார் ஒருவர். டீசலை எடுத்து விற்கும் விஷயமாக இருக்கும் என்றார் இன்னொருவர். யாரையாவது பார்க்கப் போகிறாளோ என்று எழுதிய ஒருவர், பக்கத்தில் கண்ணடிக்கும் பொம்மை ஒன்றையும் போட்டார்.

வெயில் கொளுத்திய ஒரு நாள் புள்ளி வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றது. போன் போட்டால் அணைத்திருந்தது. நேற்றுவரை சந்தேகப்பட்ட குழு இப்போது பதறியது. வெயிலில் மயக்கம் போட்டிருப்பாளோ? குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஜெயராமன், வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர், குளுக்கோஸ் பாக்கெட்டும் தண்ணீர் பாட்டிலுமாகக் கீழே ஓடிவந்தார். வீட்டிலிருந்தபடி ஐடி கம்பெனிக்கு வேலை பார்க்கும் அகல்யா ஸ்கூட்டரை எடுத்தாள். அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

கண்ணாடியை யாரோ படபடவென்று தட்ட, ஷாகிதா திடுக்கிட்டு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். கையில் பாதி வெள்ளரிப்பிஞ்சு. ஜன்னலில் ஜெயராமனின் முகம் ஒட்டிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்து இறங்கினாள்.

"உடம்புக்கு என்னம்மா?"

"எனக்கு இன்னா சார், நல்லாத்தான் கீறேன்."

"அப்ப இங்க என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் பண்ல சார். சும்மா குந்திகினு கீறேன்."

ஜெயராமன் வண்டிக்குள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எட்டிப் பார்த்தார். கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லை. கொண்டுவந்த குளுக்கோஸை என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையிலேயே கொடுத்தார். தான் இங்கே இருப்பது எப்படித் தெரிந்தது என்று ஷாகிதா கேட்க, அகல்யா தயங்கித் தயங்கித் தன் போனைக் காட்டினாள். கல்லூரி, பின்பக்கத்துத் தெரு, அதில் அசையாமல் மஞ்சள் புள்ளி. ஷாகிதா அதைப் பார்த்தபடியே நின்றாள். இத்தனை நாளும் தன் வீட்டுக் கதவு திறந்தே கிடந்திருக்கிறது என்று தெரிந்தவளைப்போல இருந்தது அவள் முகம்.

ஒன்றும் செய்யாமல் இருப்பதற்காக ஒருத்தி தினமும் வண்டியை ஓரங்கட்டுகிறாள் என்பதைக் குழுவில் பலரும் நம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வந்து சரியான காரணம் சொல்லட்டும், இல்லாவிட்டால் வேறு வேன் பார்த்துக்கொள்கிறோம் என்று பஷீருதீனுக்குத் தகவல் போயிற்று. அவர் ஷாகிதாவைத் தன் சீட் கவர் கடைக்கு வரச் சொன்னார். அவளிடம் கோபிக்கவில்லை. வழி ஒன்றை யோசித்து வைத்திருந்தார்.

"மத்தியானம் லுஹர் தொழுவுறேன்னு ஒரு வார்த்த சொல்லிடும்மா. அதுக்கு மேல எவனும் வாயத் தொறக்க மாட்டான்."

"தொழுகைய நான் ஊட்லயே முடிச்சிட்டுதான் மத்தியான வண்டி எடுக்கறேன் பாய். அல்லா பேர்ல பொய் சொல்லிக்கினு நெழல்ல குந்தணுமா?"

"அப்ப இன்னான்னுதான் சொல்லுவ?"

"சொல்ற மாதிரி ஒண்ணும் இல்லியே பாய். அதான் பேஜாரு."

பள்ளியிலேயே வண்டியைப் போட்டுக் காத்திருக்கலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். அங்கே மற்ற டிரைவர்கள் இருப்பார்கள், சீட்டாட்டம் இருக்கும், வம்பு இருக்கும். அந்த ஒரு மணி நேரம் போய்விட்டால் மிச்ச நாளை எதை வைத்து ஓட்டுவது என்று ஷாகிதாவுக்குத் தெரியவில்லை. அதை பாயிடம் எப்படிச் சொல்வதென்றும் தெரியவில்லை. கூட்டத்துக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சங்க அறையில் நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். உங்களை யாரும் தப்பாக நினைக்கவில்லை என்றுதான் ஜெயராமன் ஆரம்பித்தார். அந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று தெரிந்ததால் ஷாகிதா அவர் முடிக்கும்வரை காத்திருந்து எழுந்தாள்.

"புள்ளைங்க ஏர்னதுலேர்ந்து எறங்கற வரிக்கும் நல்லா பாருங்க சார். ஒரு பிரேக் தப்பா போட்டாலும் கேளுங்க, பதில் சொல்றேன். புள்ளைங்க எறங்கிட்டா வண்டில நான் ஒருத்திதான். என்னை இன்னாத்துக்குப் பாக்கறீங்க?"

"மறைக்க ஒண்ணும் இல்லேன்னா, பாத்தா என்னம்மா?"

கேட்டது ஜெயராமன். அதற்குப் பதில் சொல்ல அகல்யா எழுந்தாள். தன் ஆபீஸ் லேப்டாப்பில் கொஞ்ச நேரம் கை படாவிட்டால் பெயருக்குப் பக்கத்திலுள்ள பச்சை விளக்கு மஞ்சளாகிவிடும், உடனே மேலிருந்து போன் வரும் என்று விளக்கினாள். பிறகு குரல் தாழ்ந்தது.

"மத்தியானம் நான் கீழ பார்க்கிங்ல போய் எங்க கார்ல உக்காந்திருப்பேன் சார். ஏசிகூட போட மாட்டேன். ஒண்ணும் பண்ண மாட்டேன். அக்காவை அன்னைக்கு அந்த வண்டில பாத்தப்போ என்னையே பாத்த மாதிரி இருந்துச்சு."

அவள் கணவன் திரும்பிப் பார்த்தான். "குப்பை கொட்டிட்டு வரேன்னு தினமும் போவியே, அதா?"

அறை சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பின்வரிசையிலிருந்து ஜெயராமனின் மனைவி ஞானம்மாள் குரல் வந்தது. "பேப்பர் வாங்கப் போன மனுஷன் டிபன் ஆறின பிறகு வர்றீங்களே, உங்க சட்டையிலயும் அந்தக் கருவி ஒண்ணு தச்சு விடட்டுமா?"

ஜெயராமன் கடைசியாகத்தான் சிரித்தார். ஆனாலும் சிரித்தார்.

கூட்டத்துக்கு வந்திருந்த பஷீருதீன், கருவி பொருத்திய கடைக்கு அங்கிருந்தே போன் போட்டார். நடை ஆரம்பம், நடை முடிவு என்று இரண்டு பொத்தான்கள் டிரைவருக்கான ஆப்பிலேயே இருக்கின்றனவாம். முடிவை அழுத்திவிட்டால் பெற்றோர் போனில் வண்டி தெரியாது. இதுவரை யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்டுவிடவில்லை. ஒரு குடும்பம் அடுத்த மாதத்திலிருந்து பிள்ளையைத் தாங்களே விட்டுக்கொள்வதாகச் சொல்லி எழுந்துபோயிற்று. மற்றவர்கள் சரி என்றார்கள்.

வாசலில் பஷீருதீன் அவளை நிறுத்தினார். "என் போன்ல தெரியும்மா. வண்டிக்கு ஒண்ணுன்னா நான்தான ஓடணும். ஆனா எங்க நிக்கறன்னு கேக்க மாட்டேன்."

ஷாகிதா யோசித்தாள். கேட்டது முழுசாகக் கிடைக்கவில்லைதான். "கேக்காம இருந்தா போதும் பாய்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வாண்டுகளை இறக்கிவிட்டு, வண்டிக்குள் யாரும் இல்லை என்று ஒவ்வொரு சீட்டாகப் பார்த்துக்கொண்டு, நடை முடிவை அழுத்தினாள். திரையிலிருந்து புள்ளி போயிற்று. வேலப்பன்சாவடி வந்ததும் வழக்கப்படி கை இண்டிகேட்டருக்குப் போனது. பிறகு அதை எடுத்துக்கொண்டு நேரே ஓட்டினாள். அந்தப் புங்கமரம் இப்போது எல்லோருக்கும் தெரியும்.

எங்கே போனாள் என்று இங்கே எழுதுவதற்கில்லை. அங்கே நல்ல நிழல் இருந்தது. பள்ளிக்கூட மணி அடிப்பதற்கு முன்பே வண்டி வாசலில் வந்து நின்றது.